சான்டியாகோவில் ஒரு திருத்தம்

தொப்பியத்தானே பாக்குறீங்க? எழுத்துக் கூட்டிக் கஷ்டப்படாதீங்கக்கா, நானே சொல்லிடறேன். சான்டியாகோ டி கூபா. கியூபாவுல ஒரு மாகாணம். ஆமா, நிஜமாவே போனேன். சங்கரன்கோவில்லருந்து. இல்ல, அங்க சொந்தக்காரங்க யாரும் இல்ல. படிக்கவும் போகல. படிப்பெல்லாம் ப்ளஸ் டூவோட கும்பிடு போட்டாச்சு. இப்ப மதுரைக்குப் போறதுகூட செல்ஃபோன் சர்வீஸ் கடையில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கன்னுதான்.

எப்படி இருந்துச்சா? சூப்பரா இருந்துச்சு. எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்றேன். சொல்லிட்டா அதுக்கு மேல கேக்க மாட்டாங்க. மலை இருக்கு, கடல் இருக்கு, கோட்டை இருக்கு, தெருவுக்குத் தெரு ஒரு தியாகி இருக்காரு. இல்லாதது கரண்டு ஒண்ணுதான். போதுமா?

போதாதா. சரி, நீங்க திருமங்கலத்துல இறங்கப் போறவங்க. மறுபடி நாம பாத்துக்கப் போறதில்ல. சொல்றதுல ஒண்ணும் நட்டமில்ல.

என் பேரு மொன்காடா. சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. நடுவுல சிரிச்சா எனக்கு விட்ட இடம் மறந்துடும்.

எங்கப்பா பேரு பரஞ்சோதி. கரண்டு ஆபீஸ்ல லைன் இன்ஸ்பெக்டர். அது சோத்துக்கு. உசுருக்கு, சங்கமும் கட்சியும். எங்க ஆளுகள்ல ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்குப் பேரு வீட்ல வைக்கக் கூடாது. மாநாட்டு மேடையில கொண்டு போய்க் குடுக்கணும், தலைவர் வைப்பாரு. எங்க பக்கத்துத் தலைவர் தோழர் குருபாதம். அவரு வச்ச பேருங்களக் கேளுங்க. எங்க தெருவுல ஒரு ஸ்பார்ட்டகஸ் இருக்கான், கோழிக்கறிக் கடை. வோல்கான்னு ஒரு அக்கா, பால்வாடி டீச்சர். மே தினம்னு ஒருத்தன் இருக்கான். பொறந்தது டிசம்பர்ல.

நான் கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு ஜூலை மாசக் கூட்டம். கியூபா ஆதரவுக் கூட்டம். அப்பா என்னைத் தூக்கிட்டு மேடை ஏறிட்டாரு. குருபாதம் திரும்பி பேனரப் பாத்தாரு. அதுல கொட்டையா மொன்காடான்னு எழுதியிருந்துச்சு. "மலைக்காட்டிலே துப்பாக்கி ஏந்திய வீராங்கனை மொன்காடாவின் பெயரை இந்தப் பெண் குழந்தைக்குச் சூட்டுகிறேன்!" கைத்தட்டல். முடிஞ்சது. எங்கம்மா கீழ பொம்பளைங்க வரிசையில உக்காந்திருந்தா. அவ ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தாளாம். யாரும் கேக்கல.

அம்மா இன்னைய வரைக்கும் என் பேரச் சொன்னதில்ல. "ஏட்டி." அவ்வளவுதான். அப்பா நேரெதிர். செல்லப் பேரு, சுருக்கப் பேரு எதுவும் கிடையாது. மாடியில நின்னுகிட்டு தெருவே கேக்கற மாதிரி முழுசாக் கூப்பிடுவாரு. "மொன்காடா! சாப்பிட வா!" ஏதோ ஊர்வலத்துல கோஷம் போடற மாதிரி.

பள்ளிக்கூடத்துல புது டீச்சர் வந்தா, அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ஒரு இடத்துல நிறுத்துவாங்க. ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதி வந்ததுமே நான் எந்திருச்சு "உள்ளேன் டீச்சர்"னுடுவேன். பசங்க அவ்வளவெல்லாம் கஷ்டப்படல. முன்பாதிய வெட்டிட்டு "கடா"ன்னு வச்சிட்டானுங்க. "ஏ கடா, புல்லு திங்கிறியா?" பன்னெண்டாவது முடியற வரைக்கும் இதே ஜோக்குதான். புதுசா ஒண்ணு யோசிக்கக்கூட வக்கில்லாத பயலுக.

அதனால ரிசல்ட் வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். எனக்குப் பேர மாத்தணும். பிரியான்னு. ஏன் பிரியான்னா, எங்க வகுப்புல நாலு பிரியா இருந்தாளுங்க. பிரியான்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்புவாளுங்க, யாரையும் யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க. அதுதான் எனக்கு வேணும்.

பதினெட்டு முடியாததால அப்பா கையெழுத்துப் போடணும். வேற அப்பாவா இருந்தா ரெண்டு அறை விட்டிருப்பாரு. எங்கப்பா கூட்டம் போட்டாரு. வீட்ல மூணு பேரு. நானும் அப்பாவும் எதிரெதிர் அணி, அம்மா நடுநிலை. நடுநிலைன்னா அடுப்படியில முருங்கக்கீரை உருவிட்டிருந்தா. விவாதம் நடந்துச்சு. கடைசியில அப்பா ஒரு முடிவு சொன்னாரு. "சங்கத்துலருந்து நட்புறவுக் குழு கியூபா போவுது. நீயும் வா. அந்த மண்ணுல போய் நின்னு பாரு. பாத்துட்டும் மாத்தணும்னா, நான் கையெழுத்துப் போடறேன். மறுபேச்சு இல்ல."

அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அங்க போய் நின்னா எனக்குள்ள ஏதோ பொங்கி வரும்னு. பி.எஃப்.ல கை வச்சு டிக்கெட் எடுத்தாரு. அம்மாவையும் கூப்பிட்டாரு. "அங்க வந்தும் நான்தான் சோறு வடிக்கணும்"னு அவ வரல.

குழுன்னா என்னமோ நெனச்சிராதீங்க. என்னைத் தவிர எல்லாரும் ரிட்டயர் ஆனவங்க, இல்ல ஆகப் போறவங்க. எல்லாருக்கும் முட்டி வலி. குழுத் தலைவர் யாரு? வேற யாரு, குருபாதம்தான். ஒரு பெட்டி நிறைய செவப்புச் சால்வை. போற இடத்துலெல்லாம் போர்த்தணும்ல. அந்த வெயில்ல சங்கரன்கோவில்காரி எனக்கே மயக்கம் வருது, இவங்க பாக்கறவங்களுக்கெல்லாம் கழுத்தச் சுத்திக் கம்பளி மாதிரி ஒண்ணு போர்த்தி போட்டோ எடுக்கறாங்க. பஸ் டிரைவருக்குப் போர்த்தினாங்க. ஹோட்டல் வாசல்ல நின்ன ஆளுக்குப் போர்த்தினாங்க. அந்தாளு ஹோட்டல் ஆளே இல்ல. யாரையோ பாக்க வந்தவராம். சால்வையோட போயிட்டாரு.

எங்களுக்கு வழிகாட்டி ஒரு அக்கா, யாமிலெ. நல்லா இங்கிலீஷ் பேசுவா, பபிள்கம் மெல்லுவா, எதுக்கும் அசர மாட்டா. அவ ஒரு வரி சொல்லுவா. அத குருபாதம் தமிழ்ல பத்து நிமிஷம் மொழிபெயர்ப்பாரு.

ஹோட்டல்ல முதல் சிக்கல். ரிசப்ஷன் பொண்ணு பாஸ்போர்ட்டப் பாத்துட்டு, "மிஸ்டர் மொன்காடா எங்க?"ன்னா. அந்த ஊர்ல அது குடும்பப் பேராம். அப்ப உன் பேரு என்னங்கிறா. அதான்மா என் பேரு. இல்ல, குடும்பப் பேரு சரி, உன் பேரு? கடைசியில யாமிலெ வந்து என்னத்தையோ சொன்னா. அந்தப் பொண்ணு என்னைப் பாத்த பார்வை இருக்கே, நம்ம ஊர் அட்டெண்டன்ஸ் அமைதிய அப்படியே பிளேன்ல ஏத்தி அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு.

மறுநாள் சிபோனெய்னு ஒரு கடற்கரை. நீலம்னா அப்படி ஒரு நீலம். நான் ஓடப் போனேன். "தோழர் மொன்காடா, உக்காருங்க"ன்னாரு குருபாதம். எனக்கு மூணு வயசா இருக்கும்போதே என்னைத் தோழர்னுதான் கூப்பிடுவாரு. அந்தக் கடற்கரைக்குப் பக்கத்துப் பண்ணை வீட்லருந்துதான் புரட்சிக்காரங்க தாக்குதலுக்குப் புறப்பட்டாங்களாம். அதனால மணல்ல அரசியல் வகுப்பு. எதிர்ல ரெண்டு பேரு கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்துட்டிருக்காங்க. வகுப்பே வானத்தப் பாத்துச்சு. "மேகம் கூடுது தோழர்"னு ஒருத்தர் சொல்றாரு. மேகமே இல்ல. நான் கால்கூட நனைக்கல. இவ்வளவு தூரம் பறந்து போய்க் கடலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு ஒரு காலண்டர் வாங்கி மாட்டியிருக்கலாம்.

அதுக்கப்புறம்தான் அந்த இடம். என் பேரு உள்ள இடம்.

நீளமா ஒரு மஞ்சள் கட்டடம். சுவத்துல குண்டு துளைச்ச ஓட்டைங்க. அப்பா கண்ணு கலங்கிடுச்சு. சட்டுனு செருப்பக் கழட்டினாரு. அவரப் பாத்து இன்னொருத்தர் கழட்டினாரு. அப்புறம் எல்லாரும். கடவுள் இல்லைன்னு சங்கரன்கோவில் தேரோட்டத்தன்னைக்கே கூட்டம் போட்டவங்க, கொதிக்கிற சிமென்ட்டுல வெறுங்காலோட தை தைன்னு குதிக்கிறாங்க. யாமிலெ மெல்றத நிறுத்திட்டு, "கால்ல ஏதாவது பிரச்சனையா?"ன்னு கேட்டா.

உள்ள போனோம். நான் யாமிலெகிட்ட நேரடியாவே கேட்டேன். மொன்காடா யாரு?

"ஒரு தளபதி. ஸ்பெயின்காரங்கள எதிர்த்துச் சண்டை போட்டவர். தச்சு வேலை பாத்தவர். பயங்கர உயரம்."

"உயரமான அம்மாவா?"

"அம்மா இல்ல. ஆம்பள."

சரி. அப்ப இந்தக் கட்டடம்? சர்வாதிகாரியோட ராணுவ முகாம். அதுக்கு அந்தத் தளபதி பேர வச்சிருந்தாங்க. புரட்சிக்காரங்க அதத் தாக்கினாங்க. சரி, பிடிச்சாங்களா? இல்ல. தோத்துட்டாங்க. வந்தவங்கள்ல ஒரு பகுதி ஆளுங்க ஊர் தெரியாம தெருத் தெருவாச் சுத்திட்டிருந்தாங்களாம். அட, நம்ம குழு மாதிரியேன்னு நெனச்சேன். பிடிபட்டவங்களச் சித்திரவதை பண்ணிக் கொன்னிருக்காங்க. அவங்க போட்டோ எல்லாம் வரிசையா மாட்டியிருக்கு. சில மூஞ்சிங்க என் வயசுதான் இருக்கும். அதுல நான் ஜோக்கடிக்க மாட்டேன்க்கா. அவ்வளவு மோசமானவ இல்ல நான்.

ஆனா அந்தச் சுவத்து ஓட்டை? அதுல அடிப்பேன். சண்டை முடிஞ்சதுமே அரசாங்கம் அதப் பூசி மெழுகிட்டாங்களாம். புரட்சி ஜெயிச்சப்புறம், பழைய போட்டோவப் பாத்து மறுபடி ஓட்டை போட்டாங்களாம். கால் சுட நின்னு எங்கப்பா கண்ணு கலங்கினது அந்த ஓட்டையப் பாத்துத்தான்.

"இப்ப இங்க என்ன நடக்குது?"ன்னு கேட்டேன்.

"இப்ப இது பள்ளிக்கூடம்"னா யாமிலெ.

பாருங்கக்கா. ஒரு ஆம்பளை பேரு. எதிரியோட முகாம். தோத்துப் போன சண்டை. அதெல்லாம் பத்தாதுன்னு, பள்ளிக்கூடமே வேணாம்டா சாமின்னு ஓடி வந்தவளுக்கு, அவ பேரே ஒரு பள்ளிக்கூடம்.

குருபாதத்துகிட்ட போனேன். "தோழர், வீராங்கனைன்னு சொன்னீங்களாமே?"

கண்ணாடியத் துடைச்சாரு. "பெயருக்கு ஆண் என்ன, பெண் என்ன, தோழர் மொன்காடா. அது ஒரு வரலாற்று நிகழ்வு."

"வரலாற்று நிகழ்வுக்கு ஆதார் கார்டு குடுப்பாங்களா தோழர்?"

அப்பா என் கையப் பிடிச்சு இழுத்தாரு. ஓரமாக் கொண்டு போய், "தோத்த இடத்துலருந்துதான்மா எல்லாமே ஆரம்பிச்சது"ன்னாரு. அப்ப என் இயற்பியல் மார்க்குகூடப் புரட்சிதான்னேன். அவரு சிரிக்கல. வீராங்கனை இல்லைங்கறது அவருக்கும் அன்னைக்குத்தான் தெரியும்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சது. வெளிய ரொம்ப நேரம் அந்த ஓட்டைங்களையே பாத்துட்டு நின்னாரு. யூனிஃபார்ம் போட்ட ஒரு பொடியன் என் பேரக் கேட்டுட்டு, வந்து என் முழங்கையில விரலால குத்திப் பாத்தான். எதுக்குன்னு யாமிலெகிட்ட கேட்டேன். ஓட்டை இருக்கான்னு பாக்குறானாம்.

அன்னைக்குச் சாயங்காலம் ஊரே கரண்டு போச்சு. அங்க தெனமும் அப்படித்தான், மணிக்கணக்கா. "புரட்சி பூமியில ஏன்ப்பா கரண்டு இல்ல?"ன்னேன். "பொருளாதாரத் தடை"ன்னாரு. "நம்ம ஊர்ல போறப்ப யாரு தடை?" "பேசாம இரு." சொல்லிட்டு எந்திருச்சுப் போயிட்டாரு. தெருமுனையில ஒரு டிரான்ஸ்ஃபார்மர் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டிருந்தாரு. பக்கத்துல இன்னொரு ஆளு, அந்த ஊர் லைன்மேன் போல. அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ரெண்டு பேரும் கம்பியக் காட்டிக் காட்டித் தலையில அடிச்சுக்கறாங்க. கியூபா வந்து எங்கப்பா சந்தோஷமா இருந்து நான் பாத்தது அப்ப மட்டும்தான்.

மறுநாள் மலை. பெரிய பாறைன்னு பேராம், உச்சியில வீடு மாதிரி ஒரு ஒத்தப் பாறை. படிக்கட்டு போயிட்டே இருக்கு. முட்டி வலிக்காரங்க "புரட்சி வாழ்க"ன்னு சொல்லிச் சொல்லி ஏறினாங்க, பழனிக்குப் போறவங்க அரோகரா போடற மாதிரி. உச்சிக்குப் போனா ஒரே மூட்டம். அந்தப் பக்கம் கடல் தெரியும், தூரத்துல வேற நாடுகூடத் தெரியும்னாங்க. எனக்கு முன்னாடி நின்னவரோட முதுகு தெரிஞ்சது.

இறங்கி வரும்போது மழை கொட்டுது. டிரைவர் வண்டிய ஓரங்கட்டிட்டாரு. ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. அந்த வீட்டுப் பொண்ணு யுதெல்கிஸ், யாமிலெக்குத் தெரிஞ்சவ. எல்லாரையும் உள்ள வாங்கன்னா. சொந்தத் தோட்டத்துக் காப்பி, போட்டுத் தரேன்னா. இடுப்புல ஒரு குழந்தை, ஆறு மாசம் இருக்கும். காப்பி வடிக்க ரெண்டு கையும் வேணுமில்ல? பக்கத்துல நின்ன ஆளு கையில குழந்தையக் குடுத்துட்டு அடுக்களைக்குப் போயிட்டா.

பக்கத்துல நின்ன ஆளு குருபாதம்.

நம்ம ஊர்ல ஒரு தாய் குருபாதம் கையில குழந்தையக் குடுத்தா அதுக்கு ஒரே ஒரு காரணம்தான். மனுஷன் மூஞ்சி மாறிடுச்சு. முதுகு நிமிந்துச்சு. தொண்டையச் செருமினாரு. எங்கப்பாவோட கை தானாப் பைக்குள்ள போய்ச் சால்வைய எடுத்துக் குழந்தைக்குப் போர்த்துது. மத்தவங்க வரிசையா நின்னுட்டாங்க. யாருமே யாருக்கும் சொல்லல. அவ்வளவு பழக்கம்.

"தோழர்களே! புரட்சி மலையின் மடியில் பிறந்த இந்தப் பெண் சிங்கத்துக்கு..."

பெண் சிங்கம் அவரு சட்டைப் பையில இருந்த பேனாவ வாயில வச்சிட்டிருந்துச்சு.

"...செங்கொடி என்று பெயர் சூட்டுகிறேன்!"

கைத்தட்டல். எனக்குப் பேரு வச்சப்பவும் இதே கைத்தட்டல்தானாம். "நிறுத்துங்க!"ன்னு கத்திட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே பேரு இருக்கான்னு கேட்டீங்களா?"

"தோழர் மொன்காடா, இது சர்வதேசத் தோழமையின்..."

"அந்தம்மா காப்பி போடறதுக்குக் குடுத்துட்டுப் போச்சு தோழர்! பேரு வைக்கச் சொல்லிக் குடுக்கல. கையில எது வந்தாலும் பேரு வச்சிருவீங்களா? வச்சிட்டு நீங்க பாட்டுக்கு ஜீப்புல ஏறிப் போயிடுவீங்க. நாங்கதானே அதத் தெனமும் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போகணும்? உங்கள எவனாவது கடான்னு கூப்பிட்டிருக்கானா?"

ஒருத்தர் சால்வை நுனியத் திருகிட்டு நிக்கிறாரு. குருபாதம் என்னைப் பாக்கல, எங்கப்பாவப் பாத்தாரு.

"தோழர் பரஞ்சோதி. உங்க மகள மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க."

எங்கப்பா அவரு பேச்சுக்கு மறுபேச்சு பேசி நான் பாத்ததே இல்லக்கா. அவரு உக்காருன்னா உக்காருவாரு, உண்ணாவிரதம்னா பட்டினி கிடப்பாரு. ஆச்சு, இப்ப என் கழுத்தப் பிடிச்சுக் குனிய வைக்கப் போறாருன்னுதான் நெனச்சேன்.

அப்பா மெதுவாக் கையத் தூக்கினாரு. அடிக்க இல்ல. கூட்டத்துல பேச அனுமதி கேப்பாங்களே, அந்த மாதிரி. நாலு பேரு நிக்க இடமில்லாத அடுக்களை வாசல்ல நின்னுகிட்டு.

"தோழர், ஒரு திருத்தம்."

"என்ன திருத்தம்?"

"தாயக் கேட்டிருக்கணும்."

குருபாதம் ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. அப்பா கைய இறக்கல.

"அன்னைக்கும் கேட்டிருக்கணும்"னாரு. "அது என் தப்பு. திருத்தத்துல அதையும் சேத்துக்கங்க."

அதுக்குள்ள யுதெல்கிஸ் காப்பியோட வந்துட்டா. பாத்தா, எல்லாரும் இழவு வீடு மாதிரி நிக்கிறாங்க, குழந்தை கழுத்துல செவப்புச் சால்வை. என்ன ஆச்சுன்னு யாமிலெகிட்ட கேட்டா. யாமிலெ சொல்லச் சொல்ல அவ கண்ணு விரியுது. குழந்தைக்கு ஏற்கெனவே பேரு இருந்துச்சு, யுலாய்சி. அம்மா பேருலயும் அப்பா பேருலயும் துண்டு துண்டா எடுத்து ஒட்டினதாம். அங்க அப்படித்தான் ஒட்டுவாங்களாம். நான் குருபாதத்தப் பாத்தேன், எப்படி இருக்குன்னு.

அவ என்ன செஞ்சா தெரியுமா? "சென்... கோதி?"ன்னு சொல்லிப் பாத்தா. குழந்தை சிரிச்சுச்சு. அவளும் சிரிச்சா. நல்லாருக்கே, இதையும் வச்சுக்கறேன், வீட்ல கூப்பிடன்னுட்டா! "சென்கோ, சென்கோ"ன்னு அங்கேயே கொஞ்ச ஆரம்பிச்சாச்சு. உரிமைக்காகக் கத்தினவ நானு. ஜெயிச்ச கோப்பைய குருபாதம் வாங்கிட்டுப் போறாரு. உள்ளூர சிரிச்சிருப்பாரு, எனக்குத் தெரியும்.

அப்புறம் அவ என் பேரக் கேட்டா. நான் சொல்ல மாட்டேன்னேன். யாமிலெ சொல்லிட்டா. அந்த வீட்ல ஒரு சிரிப்பு எழுந்துச்சு பாருங்க. கட்டில்ல படுத்திருந்த அவ மாமனாரு எந்திருச்சு உக்காந்து சிரிக்கிறாரு. நம்ம ஊருக்கு ஒரு வெள்ளைக்காரி வந்து, என் பேரு பாளையங்கோட்டை ஜெயிலுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி. நானும் கொஞ்சம் சிரிச்சேன். எல்லாரும் சிரிக்கும்போது என்ன பண்றது.

அப்பா மட்டும் சிரிக்கல. ஹோட்டலுக்கு வந்ததும் பெட்டியத் திறந்து, பேரு மாத்தற விண்ணப்பத்த எடுத்து, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. நான் கேக்கவே இல்ல. "பாத்துட்ட. பேசுன படி"ன்னாரு. அப்புறம், "பிரியா, லைட்ட அணைச்சிரும்மா"ன்னாரு. நான் யாரச் சொல்றாருன்னு கதவப் பாத்தேன்.

இதுதான்க்கா எனக்கு ஆத்திரமே. கியூபா இல்ல, குருபாதம் இல்ல. இந்த மனுஷன். முடிவாயிடுச்சுன்னா கட்டுப்பட்டே ஆகணும், அது அவங்க ஒழுங்கு. அன்னைக்கு ஆரம்பிச்சவரு, இன்னைக்கு வரைக்கும் ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட வாய் தவறல. பிளேன்ல பிரியா. வீட்ல பிரியா. தூக்கக் கலக்கத்துல பிரியா. போஸ்ட் மேல ஏறி நின்னுகிட்டு போன்ல பேசினாக்கூட பிரியா. மாடியிலருந்து கத்தறதும் இல்ல. படியிறங்கி வந்து மெதுவா, "பிரியா, சாப்பாடு"ங்கிறாரு. நான் பாதி நேரம் திரும்பறதில்ல. வேணும்னு இல்லக்கா, காதுல விழ மாட்டேங்குது. திட்டவும் மாட்டேங்குறாரு. "பழகிடும்"ங்கிறாரு. இவ்வளவு வருஷம் வாய் நெறையக் கூப்பிட்ட மனுஷனுக்கு ஒரு தடவயாவது தடுக்க வேணாமா? ஒரு பேருக்குக்கூட நாக்கு தடுமாறலைன்னா அப்புறம் என்ன பாசம்?

விண்ணப்பமா? பையிலதான் இருக்கு. தபால்ல அனுப்பினாப் போதும்னாங்க. அனுப்பணும். கவர் சின்னதாப் போச்சு, வேற வாங்கணும். அப்புறம் மழை. அப்புறம் இந்த வேலை விஷயம் வந்துடுச்சு. அனுப்பிடுவேன்.

என்ன கேட்டீங்க? அம்மா யோசிச்சு வச்சிருந்த பேரா? தெரியலக்கா. நான் கேக்கல. எனக்குத்தான் பிரியான்னு முடிவாயிடுச்சே, அவகிட்ட எதுக்குக் கேக்கணும்? அவளும் ஒண்ணும் சொல்லல. ஏட்டின்னுதான் கூப்பிடறா. அவ ஒருத்திதான் எந்தத் திருத்தத்துக்கும் கட்டுப்படாதவ.

திருமங்கலம் வந்துடுச்சு பாருங்க. மேல உங்க கட்டைப்பை இருக்கு. இருங்க, நான் எடுத்துத் தரேன். பாத்து இறங்குங்க, டிரைவர் நிறுத்தறதுக்குள்ள எடுத்துடுவாரு.

என்னது? "வரேன் பிரியா"வா?

அக்கா! சங்கரன்கோவில்லருந்து இவ்வளவு தூரம் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிட்டு வரேன். நீங்க என்னத்தக்கா கேட்டீங்க?